இருபத்தேழாம் கட்டை

ஏரம்பண்ணையிடம் யார் எதைக் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வார். இதை நல்ல குணம் என்று மெச்சுகிறவர்கள் அவரோடு ஒரு கிழமை வேலை செய்து பார்க்க வேண்டும். ஒருமுறை காட்டிலாகா உத்தியோகத்தர் வந்து, "ஏரம்பு, நீ ஒரு மான் அடிச்சதெண்டு கேள்விப்பட்டன், மெய்யே?" என்று கேட்டாராம். "ஒண்டில்லை ஐயா, ரெண்டு" என்றாராம் இவர். உத்தியோகத்தருக்கு ஒன்றைப் பற்றித்தான் தெரியும். இரண்டுக்கும் சேர்த்துக் குற்றக்காசு கட்டிவிட்டு வந்தார். "ஏன் அண்ணை சொன்னனீங்கள்?" என்று நான் கேட்டதற்கு, "அவர் கேட்டவரெல்லே" என்றார்.

வன்னியில் பிறந்து வன்னியிலேயே வளர்ந்தவர். 1961இல் அவருக்கு நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. புளியங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே ஏழு மைல் போனால் வேலங்கட்டுக் குளம். அதன் கட்டுக்குப் பின்னால், மச்சான் வீரகத்தியின் வளவில் ஒரு மண்வீட்டில் இருந்தார். மனைவி அன்னபாக்கியம் வீரகத்தியின் தங்கை. ஆறு பிள்ளைகள். வீரகத்தியின் எருமைகளை மேய்ச்சலுக்குச் சாய்ப்பார், எங்களைப் போன்றவர்களின் வயலில் அரிவு வெட்டுவார், சூடடிப்பார். தனக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அப்பா இளையதம்பிக்கு ஐம்பத்திரண்டில் குடியேற்றத் திட்டத்தில் ஐந்து ஏக்கர் கிடைத்தது. அந்த மண்ணிலேயே பிறந்த ஏரம்பண்ணைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் முயலாமல் இல்லை. காணிக் கச்சேரி என்று ஒன்று வைப்பார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் அதிகாரிகள் மேசை போட்டு இருந்து, காணி கேட்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எத்தனை பிள்ளை, வேறு காணி இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்து, தகுதியானவர்களுக்குப் பெர்மிட் கொடுப்பார்கள். ஏரம்பண்ணை மூன்று முறை பெயர் கொடுத்தார். முதல் முறை இரண்டு பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு இல்லை. இரண்டாம் முறை கச்சேரி நாளன்று மலேரியாக் குலைப்பனில் படுத்துக் கிடந்தார். மூன்றாம் முறை அதிகாரி, "எங்கை இருக்கிறாய்?" என்று கேட்க, "வீடு வளவோடை இருக்கிறன் ஐயா" என்றார். வளவு மச்சானுடையது என்று இவர் சொல்லவில்லை. அதிகாரி அதைக் கேட்கவில்லை. சொந்த வளவு உண்டு என்று எழுதிப் பேரை வெட்டிவிட்டார்கள்.

இனி என் கதை. நான் சிவனேஸ்வரி. அந்த வருடம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் விரிவுரையாளர் ஐயாத்துரை நிலத்தில் முட்டையிடும் பறவைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். நீண்ட விடுமுறை தொடங்கும்போது என்னைக் கூப்பிட்டு, "உங்கள் ஊர்ப் பக்கம் காய்ந்த குளங்களில் ஆட்காட்டி முட்டையிடுமே. நாற்பது கூடாவது கண்டுபிடித்து, முட்டை இட்டதிலிருந்து குஞ்சு பொரிக்கும் வரை ஒவ்வொன்றுக்கும் பதிவு வைத்துக்கொண்டு வாருங்கள். ஒழுங்காகச் செய்தால் சிறப்புப் பட்டத்துக்கு என்னிடம் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். இருந்தது ஓரிடம். அதைக் கேட்டு நின்றவர்கள் மூன்று பேர். எனக்கு அது கிடைக்காவிட்டால் அடுத்த வருடத்தோடு படிப்பு முடிந்துவிடும். வீட்டு அலுமாரிக்குள் ஒரு மாப்பிள்ளையின் சாதகக் குறிப்பு மஞ்சள் பூசி ஏற்கெனவே காத்திருந்தது. அந்த மாப்பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலங்கட்டுக் குளம் ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் கட்டு உடைந்த குளம். நாலு வருடமாகியும் யாரும் திருத்தவில்லை. மாரியில்கூட நடுவில் கொஞ்சம்தான் தண்ணீர் நிற்கும், மற்றதெல்லாம் வெறும் தரை. அதில் ஆட்காட்டிகள் ஏராளம். உதவிக்கு ஓர் ஆளை நாட்சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். குளத்தடியிலேயே இருக்கிறவர் என்று அப்பா ஏரம்பண்ணையைப் பிடித்துத் தந்தார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டது போலத்தான்.

மனுஷனோடு வேலை செய்வது லேசான காரியமில்லை. காலையில் ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஆறுக்கே வந்து நிற்பார். ஆனால் குளத்துக்குள் இறங்கும் பற்றை வழியில் ஒரு பாலைமரம் உண்டு. அதன் முன்னால் நின்று, நல்ல குழையாகத் தேடி முறித்து, ஐயனாருக்கென்று கொப்பில் கொளுவிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். காட்டுக்குள் போகும் எவரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் கைக்கு அகப்பட்ட குழையை முறித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவருக்குப் பூச்சி அரித்த இலை ஒன்றும் இருக்கக் கூடாது. எனக்கு வெயில் ஏறிக்கொண்டிருக்கும்.

"அண்ணை, ஐயனார் இலையை எண்ணிப் பாக்கப்போறாரோ?"

"நீங்கள் முட்டையை எண்ணுறியளெல்லே தங்கச்சி" என்பார், சிரிக்காமல்.

ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. தரையைக் காலால் சீய்த்து, நாலு கல்லையும் காய்ந்த சாணித்துண்டையும் சுற்றிப் போட்டு நடுவில் நாலு முட்டை இடும். முட்டையும் மண் நிறம், கறுப்புப் புள்ளி. காலுக்குள் கிடந்தாலும் தெரியாது. போதாததற்குத் தாயும் தகப்பனும் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். முதல் மூன்று நாளில் நான் கண்டுபிடித்தது ஒரேயொரு கூடு, அதுவும் நான் மிதித்து உடைத்த பிறகு. ஏரம்பண்ணையோ பத்து அடி நடந்து நின்று, "அதிலை கிடக்கு" என்று கையால் காட்டுவார். இரண்டு கிழமையில் நாற்பத்தாறு கூடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை. வெள்ளைப் பெயின்ற்றில் இலக்கம் எழுதி, சிவப்புத் துணி கட்டி, முட்டையிலிருந்து வடக்கே சரியாகப் பத்துக் கவடு காலால் எட்டி வைத்து அளந்து அடிக்க வேண்டும். பக்கத்தில் அடித்தால் காகமும் நரியும் கட்டையைப் பார்த்து வந்துவிடும். இது விரிவுரையாளர் எனக்குச் சொன்னது. ஏரம்பண்ணைக்கு நான் காரணம் சொல்லவில்லை. "இதிலை அடியுங்கோ" என்பேன், அடிப்பார். சொன்னால் மட்டும் விளங்கப் போகிறதா என்று நினைத்தேன்.

ஊரில் சிரித்தார்கள். "முட்டை எண்ணுற படிப்புக்கோ இளையதம்பியர் பெட்டையை அவ்வளவு தூரம் அனுப்பினவர்?" என்று வயல் வரம்பில் நின்று கேட்டார்கள். அம்மாவுக்கு என் நிறம்தான் கவலை. "கண்டறியாத படிப்பு! வெயிலுக்கை நிண்டு கரிக்கட்டையாப் போனாய். இனி உன்னை ஆர் பாப்பான்?" என்று ஒவ்வொரு நாளும் தேங்காய்ப்பால் கொண்டுவந்து முகத்தில் பூசினா.

பிறகு திடீரென்று சிரிப்பு நின்றது. அன்னபாக்கியம் ஒரு முட்டி எருமைத் தயிர் கொண்டுவந்து தந்தா. எப்போதும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பும் வீரகத்தி, எருமைகளை நிறுத்தி, "வெயிலாக் கிடக்கு, குடையைக் கொண்டு வாறதுதானே பிள்ளை" என்று அக்கறையாய்ச் சொன்னார். யாரோ ஒரு போத்தல் தேன் அனுப்பினார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கடைசியில் சனத்துக்கு விஞ்ஞானத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய மடைச்சி புளியங்குளத்துக்கு இந்தப் பக்கம் பிறக்கவில்லை.

அந்த வெயிலில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுத்துவிட்டு, ஐந்தாம் நாள் காலை சைக்கிளில் போய்க் குளக்கட்டில் ஏறிப் பார்த்தேன். சிதறிக் கிடந்த நாற்பத்தாறு கட்டைகளும் வரிசையாக நின்றன. நூல் பிடித்த வரிசை. ஒரு வரிசைக்கு எட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே அளவு தூரம், சிவப்புத் துணியெல்லாம் கழுவி மறுபடி கட்டியிருந்தது. நடுவில் ஏரம்பண்ணை கடைசிக் கட்டையை அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, செய்த வேலையைக் காட்டுவது போல் கையை விரித்தார்.

"என்ன கோதாரி வேலை செய்து வைச்சிருக்கிறியள்? ஆர் உங்களை இதைத் தொடச் சொன்னது?"

"காய்ச்சல் வர இருந்த நேரம் நீங்கள் இடம் காட்டினதெல்லே தங்கச்சி, எல்லாம் கோணல் மாணலா நிண்டது. சேவயர் வந்து பாத்தால் உங்களைத்தான் ஏசுவார். அதுதான் நேராக்கிவிட்டன்."

"எந்தச் சேவயர்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். சுற்றிவர ஒரு மைலுக்கு எருமையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. "காணி பிரிக்கிற சேவயர். எனக்குத் தெரியும் தங்கச்சி. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அன்னபாக்கியம் கேட்டவள், அவளுக்கு மட்டும் சொன்னனான். வீரகத்தி கேட்டவன், அவனுக்கும் சொன்னனான்."

அப்போதுதான் தயிரும் தேனும் எங்கிருந்து வந்தன என்று எனக்கு உறைத்தது. உடைந்த குளத்தை அரசாங்கம் திருத்தப் போவதில்லை, காணியாய்ப் பிரித்துக் கொடுக்கப் போகிறது என்று ஊரில் கொஞ்சக் காலமாய்க் கதை இருந்தது. அதற்குள் நான் வந்து இலக்கம் போட்ட கட்டை அடிக்கிறேன். அவர்கள் கண்ட இலக்கக் கட்டையெல்லாம் காணிக் கட்டைதான். எங்கள் ஐந்து ஏக்கரின் மூலையிலும் அப்படி ஒன்று நிற்கிறது. ஏரம்பண்ணை தனக்கென்று இருபத்தேழைப் பொறுக்கி, கட்டோரம் மருதமரத்துக்குக் கீழே, நல்ல மண்ணாகப் பார்த்து நட்டிருந்தார்.

நான் விளக்கினேன். அரைமணி நேரம் நின்று விளக்கினேன். பறவை, முட்டை, பொரிக்கும் நாள், பட்டம், ஒன்றும் விடவில்லை. அவர் குந்தியிருந்து ஓமோம், ஓமோம் என்று கேட்டார். முடிந்ததும் மெல்லச் சிரித்தார்.

"நாலு முட்டைக்கு ஆர் தங்கச்சி எனக்கு நாட்சம்பளம் தாறது? வெளியிலை சொல்லக்கூடாதெண்டு உங்களுக்கு உத்தரவு. எனக்கு விளங்குது."

எனக்கு அழுகை வந்தது. நாலு நாளில் காற்று அள்ளிக் கொட்டிய புழுதியில், கட்டையில்லாமல் அந்த முட்டைகளை நான் கண்டுபிடிப்பது ஆகாத காரியம். ஒருமுறை மிதித்தால் ஒரு கூடு போகும். சிறப்புப் பட்டம் போய், அலுமாரிக் குறிப்பு வெளியே வந்து, நான் எங்கோ ஒரு குசினிக்குள் நின்று அரிசி களைவது கண்ணில் தெரிந்தது. உண்மையை எத்தனை முறை சொன்னாலும் இந்த மனுஷன் அதைப் பொய்யென்றுதான் எடுக்கப் போகிறார். பிறகு ஏன் உண்மை என்று எனக்குள் ஒரு விசர்க் கோபம் எழுந்தது.

"சரி! ஓம்! காணிதான்!" என்று கத்தினேன். "காணிதான் பிரிக்கினம். ஆனால் ஒரு சட்டம் இருக்கு. ஒவ்வொரு கட்டையும் முந்தி நிண்ட இடத்திலை நிக்கவேணும். அந்தந்தக் கூட்டிலை குஞ்சு பொரிக்கவேணும். முட்டை உடைஞ்சால் அந்தத் துண்டு இல்லை. விளங்குதோ?"

அவர் எழுந்து நின்றார். "அப்ப இருபத்தேழு?"

நான் கொப்பியைத் திறந்தேன். இருபத்தேழாம் கூட்டுக்கு நேரே பென்சிலால் 'ஏரம்பு' என்று எழுதி அவரிடம் நீட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் மூன்று விண்ணப்பத்தில் கண்ட தன் பெயரின் வடிவம் தெரியும். விரலை எழுத்தில் படாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

அதன் பிறகு நடந்தது எனக்கு இன்றும் எரிச்சல் தருகிறது. நாற்பத்தாறு கட்டைகளையும் பிடுங்கி, மத்தியானத்துக்கு முன்னமே பழைய இடங்களில் அடித்து முடித்தார். ஒன்றில்கூடப் பிழை விடவில்லை. வடக்கே பத்துக் கவடு, அவருடைய கவடு இல்லை, என்னுடைய சின்னக் கவடு. எல்லாம் அவர் தலைக்குள் இருந்திருக்கிறது.

அடுத்த நாலு கிழமை அந்தக் குளம் நான் பார்த்த குளமாய் இல்லை. வீரகத்தியின் எருமைகள் குளம் உடைந்த நாளிலிருந்து அதை ஊடறுத்துத்தான் தண்ணீருக்குப் போகும். ஏரம்பண்ணை கையில் தடியோடு குறுக்கே நின்றுவிட்டார். "சுத்திப் போ" என்றார். சுற்றிப் போனால் இரண்டு மைல்.

"என்ரை வளவிலை இருந்துகொண்டு என்ரை மாட்டையோ மறிக்கிறாய்?" என்று வீரகத்தி பாய்ந்தார்.

"ஓம், உன்ரை வளவுதான். என்ரை காணி கிடைச்ச உடனை எழும்பிப் போறன்" என்றார் இவர்.

அன்றோடு மச்சானும் மச்சானும் ஒருவரோடொருவர் கதைப்பதை விட்டார்கள். எருமை சாய்க்கும் வேலையும் போயிற்று. ஏரம்பண்ணை அசையவில்லை. காகத்துக்குக் கல் எறிந்தார், நாயைத் துரத்தினார், மத்தியான வெயிலில் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு குளத்துக்கு நடுவில் நின்றார். நான் தள்ளி மரநிழலில் இருந்து கொப்பியில் எழுதினேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் இடித்துக்கொண்டுதான் இருந்தது. பொரிக்கட்டும், பிறகு சொல்வோம் என்று இருந்தேன்.

ஆனி மாதக் கடைசியில் நாற்பத்தொரு கூடுகள் பொரித்தன. இருபத்தேழு பொரித்த காலை ஏரம்பண்ணை எங்கள் வீட்டுக்கே நடந்து வந்துவிட்டார். "தங்கச்சி, எங்கடை இருபத்தேழிலை நாலும் பொரிச்சிட்டுது! ஒண்டும் பழுதில்லை!" அவர் அவ்வளவு சத்தமாய்க் கதைத்து நான் கேட்டதில்லை. பிறகு வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு, "இனிப் பெர்மிட் எப்ப வரும்?" என்றார்.

"மாரி முடிய" என்றேன். என் வாய் தானாகச் சொல்லிற்று.

புளியங்குளம் ஸ்ரேசனுக்கு என் பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். கோச்சி வெளிக்கிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன். கோச்சி வெளிக்கிட்டது. போனதும் கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன். எழுதினால் அவருக்கு வேறு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், ஊருக்கே தெரிந்துவிடும், அப்பாவுக்கு மானக்கேடு. இப்படி ஒவ்வொரு சாட்டும் நல்ல சாட்டாகவே வந்து வாய்த்தது. விரிவுரையாளர் என் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, திறந்த குளத்தரையில் இவ்வளவு கூடுகள் தப்பியது ஆச்சரியம் என்று குறிப்பு எழுதினார். ஏன் தப்பின என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய உண்மை அது. எனக்கு அந்த ஓரிடம் கிடைத்தது.

அடுத்த சித்திரைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா ஊர்ப் புதினம் சொன்னார். மாசி மாதத்தில் காணிக் கச்சேரி வைத்தார்களாம். தண்ணீரூற்றுப் பக்கம் போகிற வழியில் புதுக் குடியேற்றம், ஆளுக்கு நாலு ஏக்கர். எங்கள் பக்கத்திலிருந்து போன அரைவாசிப் பேருக்குக் கிடைத்துவிட்டது.

"உந்த ஏரம்புக்கும் கிடைச்சிருக்கும்" என்றார் அப்பா. "ஆறு பிள்ளை, எல்லாப் பதிவும் இந்த முறை சரி, பட்டியலிலை முதல் பேர் அவன்தான். ஊர் விதானையார் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவர். அதிகாரி கேட்டாராம், உனக்கு வேறை காணி கீணி இருக்கோவெண்டு. இந்த விசரன், ஓம் ஐயா இருக்கு, இருபத்தேழாம் நம்பர், எனக்கு வேண்டாம், இல்லாத ஒருத்தனுக்குக் குடுங்கோ எண்டானாம். அதிகாரி என்ன செய்வார்? வெட்டிவிட்டார். ஆனை கொண்டுவந்து மாலை போட்டாலும் உவன் கழட்டி எறிஞ்சுபோடுவான்."

அப்பா சிரித்தார். நான் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, அந்த வெயிலோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு காணி விஷயம் பார்க்கும் கந்தோருக்கு ஓடினேன். பட்டியல் முடிந்து மேலே போய்விட்டது என்றார் லிகிதர். பிழை நடந்துவிட்டது, அவருக்குக் காணி இல்லை என்றேன். "அந்த ஆள் தன்ரை வாயாலை சொன்னது பிள்ளை. இனி அடுத்த கச்சேரி வரவேணும். அது எப்பவெண்டு கடவுளுக்குத்தான் தெரியும்" என்று கோவையை மூடிவிட்டார். அங்கேயே நின்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

நேரே வேலங்கட்டுக்குப் போனேன். மருதமரத்துக்குக் கீழே ஒரு துண்டு நிலம் வெட்டிய கொப்புகளால் அலம்பல் வேலி போட்டு அடைத்திருந்தது. போன வருடம் கூடு இருந்த இடத்துக்கு அது முந்நூறு அடி தள்ளி, ஆனால் கட்டை அங்கேதான் நின்றது. நல்ல மண் உள்ள இடத்துக்கு, பொரித்து முடிந்த பிறகு கொண்டுபோயிருக்கிறார். மழைக்குக் கரைந்த இலக்கத்தைச் சுண்ணாம்பால் திரும்ப எழுதியிருந்தது. அன்னபாக்கியம் மண்வெட்டியால் கிணற்றுக்கு வட்டம் கீறிக்கொண்டிருந்தா. ஏரம்பண்ணை என்னைக் கண்டதும் ஓடி வந்து படலையைத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்து வாங்கோ தங்கச்சி, வலப்பக்கம் மிதியாதேங்கோ. இந்த வருசமும் வந்து நாலு முட்டை இட்டிருக்கு. அதை விட்டுத்தான் கொத்துறன். பெர்மிட் கொண்டந்தனீங்களோ?"

"ஏரம்பண்ணை, பெர்மிட் இல்லை. காணியும் இல்லை. நான் சொன்னது பொய்."

அவர் சிரித்தார். "சோதிக்கிறியள்."

"சோதிக்கேல்லை. குருவிதான் எண்ணினனான். குருவிக்குத்தான் உங்களுக்குச் சம்பளம் தந்தது. வேறை ஒண்டும் இல்லை. என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம்."

சிரிப்பு உடனே போகவில்லை. முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெல்ல மெல்ல வடிந்தது. அன்னபாக்கியம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தா.

"என்ன சொன்னனீங்கள்? என்ன சொன்னனீங்கள்? எருமை சாய்க்கிற தொழிலையும் விட்டு, அண்ணன்ரை முகத்திலும் முழியாமல், கைக்கு வந்த நாலு ஏக்கரையும் வேண்டாமெண்டு போட்டு வந்து நிக்கிறம். ஒரு குருவிக் குஞ்சு பழுதாப் போகக்கூடாதெண்டு இந்த மனுசனை வெயிலிலை காயவிட்டனீங்கள். உங்கடை குஞ்செல்லாம் பொரிச்சிட்டுது. என்ரை ஆறையும் நான் எங்கை கொண்டுபோய் விட?"

மன்னியுங்கோ என்று சொல்லவும் எனக்கு வெட்கமாய் இருந்தது.

"நீ பொறடி" என்றார் ஏரம்பண்ணை. என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தக் கொப்பியிலை என்ரை பேர்?"

"நான்தான் எழுதினனான்."

"அது தெரியும். ஏன் எழுதினனீங்கள்?"

அவர் கேட்டுவிட்டார். அவர் முன்னால் நின்றுகொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கட்டையளைத் திருப்பி அந்தந்த இடத்திலை வைக்கவேணும், இனி அசைக்கக் கூடாது, அதுக்குத்தான்" என்றேன்.

அவர் குனிந்து இரண்டு கையாலும் அந்த இருபத்தேழாம் கட்டையைப் பிடுங்கி, சாரத்துத் தலைப்பால் மண்ணைத் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

"அதைச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி. திருப்பி வையுங்கோ, இனித் தொடாதேங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்க மாட்டனே."

அது உண்மை. அவர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும்.